இது யாரோட ரத்தம் மாமா?

2001ஆம் ஆண்டு, மாசி மாதம். கேகாலை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டு. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, பால் சுண்டிப்போகிற காலம் அது. நான் அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பால் குறைந்த மாதத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கங்காணி பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார். அதனால் அந்த மாதம் கொஞ்சம் நிம்மதியாக பஸ் ஏறினேன். மற்ற மாதங்களில் அவர் சொல்வதை அச்சில் போட முடியாது.

என் மகளுக்குத் தலசீமியா. அப்போது அவளுக்கு ஏழு வயது. இந்த நோய் இருக்கிற பிள்ளைகளின் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. யாரோ கொடுத்த ரத்தத்தை மாதாமாதம் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு கொஞ்ச நாள் ஓடி விளையாடுவாள். அப்புறம் மெல்ல மெல்ல வெளுத்துப்போவாள். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு ஏறுகிற படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், மறுபடி பஸ் ஏறவேண்டிய நாள் வந்துவிட்டது என்று.

லயத்தில் எங்களோடு யாரும் ஒட்டுவதில்லை. தொத்து நோய் என்று சிலர் தங்கள் பிள்ளைகளை என் மகளோடு விளையாட விடவில்லை. தொத்தாது, இது பிறப்பிலேயே வருவது என்று டொக்டர் சொன்னதை நான் போய்ச் சொன்னேன். உடனே பேச்சு மாறிவிட்டது. சொந்தத்தில் கட்டினதால் வந்தது, இவள் வம்சத்தில் என்ன இருந்ததோ என்றார்கள். அந்த லயத்தில் சொந்தத்தில் கட்டாதவர் யார் என்று பீலிக்கரையில் வைத்தே கேட்டேன். அதற்குப் பிறகு நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும்.

புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றார். மாதத்துக்கு ஒரு தடவை வருவதாகப் பேச்சு. வராத மாதங்கள்தான் அதிகம். வந்தாலும் பிள்ளையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும், மறுநாளே கிளம்பிவிடுவார். ஆக, ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும் நானும் அவளும்தான்.

வார்டிலும் தனிதான். தலசீமியாப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள். ஒருவர் கொண்டுவந்த சோற்றை இன்னொருவர் பிரித்துத் தின்பார். தமிழ்க்காரி நான் ஒருத்திதான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பேச்சை வைத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் கட்டிலின் தலைமாட்டில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்குமே. எங்கேயாவது குண்டு வெடித்த செய்தி வந்த வாரத்தில் போனால், நான் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலைக்கூட ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. என் பிள்ளை வாந்தி எடுத்தால் பேசின் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் கொடுத்துவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த வார்டில் என்னோடு உட்கார்ந்து பேசிய மனுஷன் ஒரே ஒருவர்தான். ரம்புக்கனைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆள். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்திருந்தார், அவரே வெட்டுவார். அவருடைய மகனுக்கும் இதே நோய். எப்போதும் எங்களுக்குப் பக்கத்துக் கட்டில். மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால் பிள்ளையை இவர்தான் கூட்டிவருவார். அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் ஒரே அப்பா. அவரைப் பார்த்து அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆக, அவரையும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, என்னையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்கிற மாதிரி 'நங்கி' என்பார். நான் அண்ணன் என்கிற மாதிரி 'ஐயே' என்பேன். நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு ஊசி குத்தும்போது வார்டே அலறும். அவர் இருந்தால் என் மகள் அழ மாட்டாள். ரத்தப் பையை மாட்டினதும் அவரைப் பார்த்து, "மாமா, இது யாரோட ரத்தம்?" என்று கேட்பாள். மாமா என்பது சிங்களத்திலும் மாமாதானே. அவர் எழுந்து போய்ப் பையை இப்படியும் அப்படியும் பார்ப்பார். மோந்துகூடப் பார்ப்பார்.

"இது பஸ் கொண்டக்டரோட ரத்தம். நாளையிலேருந்து பாரு, எல்லாரையும் பின்னுக்குப் போ, பின்னுக்குப் போன்னு விரட்டப் போற."

அடுத்த மாதம் பொலிஸ்காரன் ரத்தம் என்பார். அதற்கடுத்த மாதம் கல்யாண வீட்டுச் சமையல்காரி ரத்தம், இனிமேல் அம்மா சோற்றை வாயில் வைக்க மாட்டாய் என்பார். பிள்ளைகள் இரண்டும் உருண்டு உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். மாதத்தில் நான் சிரிப்பது அந்த ஒரு நாள்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இனி மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணமாக ரத்தம் ஏற்றும்போது பையைக் கம்பியில் தொங்கவிட்டு, குழாயில் இருக்கிற சின்ன உருளையைத் திருகி, சொட்டு விழுகிற வேகத்தை மிஸ்ஸி கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்வார். நர்ஸ்மாரை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். பிள்ளை கையை அசைத்தால் வேகம் மாறிவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமில்லை. என் மகளுக்கு அந்த வருஷம் இருதயம் வீங்கியிருந்தது. வருஷக்கணக்காக ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கிற இரும்பு இருதயத்தில் போய்ப் படிந்துவிடுமாம். ரத்தம் வேகமாக உள்ளே போனால் அவள் இருதயம் தாங்காது, மெதுவாகத்தான் போக வேண்டும் என்று டொக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வார்டில் இருந்த ஒரே மெஷினை அவளுக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் யாரோ தானமாகக் கொடுத்தது. அது குழாயைப் பிடித்துக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று நாம் போட்டுவிட்ட அளவை மட்டும் உள்ளே தள்ளும். மெஷின் பிடித்துக்கொள்வதால், குழாயில் இருக்கிற உருளையை முழுக்கத் திறந்துவிடுவார்கள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வார்டில் ஒரு வயதான மிஸ்ஸி இருந்தார். அவர் மெஷினை நம்பமாட்டார். ஒருமுறை மெஷினுக்கென்று வந்த குழாய் முடிந்துபோய், வேறு கம்பெனிக் குழாயைப் போட்டுவிட்டார்கள். மெஷின் அதே எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பை முடியவேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே காலியாகிவிட்டது. நல்ல வேளை, அன்றைக்குப் படுத்திருந்தது வேறொரு பிள்ளை, நல்ல இருதயம் உள்ள பிள்ளை. அதிலிருந்து அவர் பையின் மேல் ஒரு நீளப் பிளாஸ்டர் ஒட்டி, இத்தனை மணிக்கு ரத்தம் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பேனாவால் கோடு போடுவார். "எண்ணைப் பாக்காதே, பையைப் பாரு" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார். நான் சொல்ல வந்த அந்த மாசி மாத நாளில் அந்த நல்ல மனுஷிக்கு லீவு. ஆனாலும் கோடு போட்ட பிளாஸ்டரை நான் இன்னொரு மிஸ்ஸியிடம் கேட்டு வாங்கி ஒட்டியிருந்தேன்.

அன்றைக்கு வார்டில் இரண்டே மிஸ்ஸிமார். அதில் ஒருத்தர் வலிப்பு வந்த ஒரு குழந்தையோடு அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் ஒருத்தர். கட்டில்கள் நிறைந்து, பாயிலும் பிள்ளைகள் கிடந்தன. இதற்கு யார் மேல் கோபப்படுவது? நான் எல்லோர் மேலும்தான் கோபப்பட்டேன். இன்றைக்கும் படுகிறேன்.

பை பாதிகூட இறங்கவில்லை. விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டு வந்ததால் இரண்டு பேருக்கும் பசி. மகள் பணிஸ் ரொட்டி கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர், "நீ போய்ட்டு வா நங்கி, நான் பாத்துக்கிறேன்" என்றார். எத்தனையோ தடவை அப்படிப் பார்த்துக்கொண்டவர்தான். போனேன். கன்டீனில் பெரிய வரிசை.

நான் இல்லாதபோது நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அவள் தூக்கக் கலக்கத்தில் கையை மடக்கிவிட்டாள். குழாய் நெரிந்து ரத்தம் போகாமல் நின்றுவிட்டது. மெஷின் கத்தத் தொடங்கியது. அப்படிக் கத்துவது அதன் வேலை. பக்கத்துக் கட்டில்காரர் ஓடிப்போய் மிஸ்ஸியைக் கூப்பிட்டார். அவர் வேறு பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், வருகிறேன் என்றார். வரவில்லை. மெஷின் விடாமல் கத்தியது. என் மகள் பயந்து அழ, அதைப் பார்த்து அவர் மகனும் அழுதான். இவர் அவள் கையை நேராக நீட்டிவிட்டார். அது சரியான வேலைதான். ஆனால் கையை நீட்டினால் மட்டும் மெஷினின் கத்தல் நிற்காது, யாராவது ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எந்தப் பொத்தான் என்று அவருக்குத் தெரியாது. மெஷினில் ஏதோ இங்கிலீஷில் எழுத்து வந்து வந்து போனது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும்தான் தெரியாது.

அவருக்குத் தெரிந்தது ரப்பர். வெட்டின காயத்தில் பால் காய்ந்து நார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்பால் என்போம். அது அடைத்தால் பால் நின்றுவிடும், அல்லது வழி மாறி மரத்தில் ஒழுகிவிடும். அந்த நாரை இழுத்து எடுத்துவிட்டால் பால் தன்னால் ஓடும். நாங்கள் விடிந்ததும் மரத்தில் கை வைத்துச் செய்கிற முதல் வேலையே அதுதான். வெட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் கை அப்படித்தான் போகும். ரத்தம் எங்கோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து, மெஷினின் கதவைத் திறந்து, அது கவ்விக்கொண்டிருந்த குழாயை எடுத்து வெளியே விட்டுவிட்டார். கத்தல் நின்றது. ரத்தம் ஓடியது. பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள்.

நான் பணிஸும் பிளேன்டீயுமாக வந்தபோது அவர் சந்தோஷமாக இருந்தார்.

"அடைச்சிருந்திச்சு நங்கி. எடுத்து விட்டுட்டேன். இப்ப நல்லா ஓடுது."

நான் பையைப் பார்த்தேன். பிளாஸ்டர் கோடு ஓர் இடத்தில் இருந்தது, ரத்தம் எங்கோ கீழே இருந்தது. பைக்குக் கீழே சொட்டு விழுகிற இடத்தில் சொட்டே இல்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உருளையைத் திருகி அடைத்தேன். மெஷின் இல்லாத காலத்தில் மிஸ்ஸி செய்வதைப் பார்த்துப் பழகினது.

மகள் இருமத் தொடங்கியிருந்தாள். "அம்மா, நெஞ்சு மேல யாரோ ஒக்காந்திருக்காங்க" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

நான் கத்தின கத்தில் மிஸ்ஸி ஓடிவந்தார், எங்கிருந்தோ ஒரு சின்ன வயது டொக்டரும் ஓடிவந்தார். அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைக் கீழே தொங்கவிட்டார்கள். மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். உடம்பில் ஏறின நீர் மூத்திரமாக வெளியே போனால்தான் இருதயத்தின் பாரம் குறையும், அதற்குத்தான் ஊசி என்றார் டொக்டர். போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார்.

நான் அந்த மனுஷன் பக்கம் திரும்பினேன். என் வாயில் வந்ததெல்லாம் சிங்களத்திலும் வந்தது, தமிழிலும் வந்தது. கொன்றுவிட்டாயே என்றேன். உன் பிள்ளைக்கு இப்படிச் செய்வாயா என்றேன். உன் மரமென்று நினைத்தாயா என் பிள்ளையை என்றேன். இன்னும் சொன்னேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மகன் அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா, தமிழ்க்காரியின் திமிரைப் பாருங்கள், அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் கூலியா என்றாள். இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். எனக்கு அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் உறைக்கவில்லை. அந்த மனுஷன்தான் பேசினார். அதுவரை தலையைக் குனிந்திருந்தவர் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார்.

"அவ சொல்றது சரி. கை வெச்சவன் நான். நீங்க வாய மூடுங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

நான் பிள்ளையின் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் என் கைவழியாகவே எனக்குக் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. லயத்தில் இருந்து யாரும் வரமாட்டார்கள். கொழும்புக்குப் போன் எடுத்தாலும் கடைக்காரர் புருஷனைக் கூப்பிட்டுக் கொடுப்பாரோ என்னவோ. அன்றைக்குத்தான் எனக்கு என் நிலைமை முழுதாகத் தெரிந்தது.

கடைசியில் பிள்ளை, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள். சட்டி நிறையப் போனாள். இன்னொரு தடவையும் போனாள். நாற்றமாவது ஒன்றாவது, அந்தச் சட்டியை நான் கோவில் செம்பைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் மிஸ்ஸியிடம் காட்டினேன். மிஸ்ஸி என் தோளில் கை வைத்தார். உதட்டில் நிறம் திரும்பியது. டொக்டர் இனிமேல் பயமில்லை என்றார்.

அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். மெஷின் குழாயைப் பிடித்திருக்கும்வரைதான் கணக்கு. விட்டுவிட்டால், பை மேலே இருக்கிறது, பிள்ளை கீழே இருக்கிறது, நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. கதவைத் திறக்கும் முன் உருளையை அடைக்க வேண்டும். இதை ஏன் எங்களுக்கு முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். பெற்றோர் மெஷினைத் தொடக்கூடாது என்பதுதான் சட்டம் என்றார். தொடாமல் இருக்கவேண்டுமென்றால் அது கத்தும்போது யாராவது வரவேண்டுமே என்றேன். அவர் நல்ல பிள்ளை. பதில் வைத்திருக்க வேண்டியவர்கள் அந்த வார்டுக்கு வருகிறவர்கள் இல்லை.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் வந்து எல்லோர் முன்னாலும் அந்த மனுஷனைத் திட்டினார். விட்டுவிட்டுப் போனதற்கு என்னையும் திட்டினார். தொடக்கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். மெஷினை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். என் மகளுக்குப் பழையபடி கைக்கடிகாரமும் உருளையும்தான். ஒரு மிஸ்ஸியைக் கூடுதலாகப் போட்டார்களா? இல்லை.

அன்று மாலைவரை அவர் தன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகனுக்கு ரத்தம் முடிந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார். கதவருகில் நின்று என் மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் பக்கத்துக் கட்டிலில் வேறு பிள்ளை இருந்தது. தன் மகனை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி அவரே கேட்டு மாற்றிக்கொண்டதாக வயதான மிஸ்ஸி சொன்னார். எந்த நாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பையை மாட்டினார்கள். என் மகள் பழக்கத்தில் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அம்மா, இது யாரோட ரத்தம்?"

யாரோ ஒரு புண்ணியவானுடையது என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் போலச் சொல்ல வராது. எத்தனையோ மாதங்கள் அவள் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

சில வருஷங்கள் கழித்து அவளைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே புது மெஷின்கள். கதவைத் திறந்து குழாயை எடுத்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்த மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார். குழாயில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பூட்டு ஒன்று தன்னாலே 'டக்' என்று மூடிக்கொண்டது. ஒரு சொட்டுப் போகவில்லை. இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரல் நகத்தளவு பிளாஸ்டிக். அது அன்றைக்கு அந்தக் குழாயில் இருந்திருந்தால், அவர் கதவைத் திறந்திருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது, நான் பணிஸைப் பிய்த்து அவர் மகனுக்கும் கொடுத்திருப்பேன்.

மகள் இருக்கிறாள். வரக்காப்பொலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். மாதத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு, இப்போது தனியாகவே போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. ரம்புக்கனை வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஸ்டேசனில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன்.

கத்தினதற்காக நான் வருத்தப்படவில்லை. என் பிள்ளையின் உதடு நீலமாவதைப் பார்த்துவிட்டு யாரும் மரியாதையாகப் பேச முடியாது. நாளைக்கு அப்படி நடந்தாலும் அப்படித்தான் கத்துவேன். ஆனால் அன்றைக்கு மெஷின் அவ்வளவு நேரம் கத்தியபோது, அந்த வார்டு முழுக்க இருந்தவர்களில் என் பிள்ளைக்காக எழுந்து வந்தது அந்த ஒரு மனுஷன்தான் என்பதை, யாரும் எழுந்து வராத ஒவ்வொரு இடத்திலும் நான் நினைத்துக்கொள்கிறேன்.